உருகாத கோடு

மேற்பார்வையாளர் குனிந்து குழாயின் மேல் சாக்குக்கட்டி போன்ற ஒன்றால் ஒரு கோடு இழுத்தார். கோடு வெள்ளையாக அப்படியே நின்றது.

“இன்னும் சூடு பத்தல. உக்காருங்க.”

இரண்டு வெல்டர்களும் குழாய்க்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்தார்கள். அடியில் பர்னர் சிறு தீயில் எரிந்துகொண்டிருந்தது.

அது சூடு பார்க்கும் கட்டி; குழாய்க்குச் சரியான சூடு வந்தால் மெழுகுபோல உருகும். உருகிய பிறகுதான் பற்றவைக்கலாம்.

நான் பரிசோதகர். தொடங்கும் நேரத்தை எழுதப் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். ஒன்பதரைக்குத் தொடங்கியிருக்க வேண்டும். மணி பத்தேகால்.

மருத்துவமனைக்கு நீராவி கொண்டுபோகும் குழாய் அது. இருவரும் எதிரெதிரே நின்று, ஒரே நொடியில் தொடங்கி, ஒரே வேகத்தில் சுற்றி வர வேண்டும். ஒருவர் முந்தினாலும் இணைப்பு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

போன வாரம் இரண்டு முறை இழுத்துக்கொண்டது. இன்றும் கோணினால் வேலை வேறு குழுவுக்குப் போய்விடும். இந்தக் குழுவின் ஆறு பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

வெல்டர்களில் பெரியவர், சின்னவரின் அக்காவைக் கட்டியவர். அவர் மகளின் கல்யாணப் பத்திரிகையில் மைத்துனன் பெயர் விட்டுப்போனதிலிருந்து மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. தொடங்கலாமா என்றுகூட ஒருவரை ஒருவர் கேட்பதில்லை.

மேற்பார்வையாளர் மறுபடி கோடு இழுத்தார். உருகவில்லை. உதட்டைப் பிதுக்கினார்.

வேறு வேலை இல்லாததால் சின்னவர் எதிரே பார்த்தார். பெரியவரின் கையுறையில் கட்டைவிரல் கிழிந்திருந்தது. பையைத் துழாவி, ஒரு புதுக் கையுறையைக் குழாய்க்கு மேலே வீசினார்.

“போட்டுக்குங்க. கை வெந்துச்சுன்னா அக்கா என்னைத்தான் திட்டும்.”

பெரியவர் அதை மாட்டிக்கொள்ள வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

“அச்சகத்துக்காரன் விட்டுட்டான்னு சொன்னது பொய், மாப்ள. நான்தான் எழுத மறந்துட்டேன்.”

“பந்தியில பரிமாற ஆள் வேணும்னப்ப மட்டும் என் பேரு ஞாபகம் வந்துச்சாக்கும்?”

பெரியவர் சிரித்துவிட்டார். சின்னவர் சிரிப்பு தெரியாமலிருக்க முகக்கவசத்தை இறக்கிக்கொண்டார்.

மேற்பார்வையாளர் சட்டைப்பைக்குள் கைவிட்டுக் கட்டியை எடுத்து, இன்னொரு கோடு இழுத்தார். இழுத்த வேகத்தில் அது உருகி வழிந்தது.

“ஆரம்பிக்கலாமா, மாமா?”

இரண்டு பக்கமும் பொறி ஒரே நொடியில் பறந்தது. பத்து நாற்பது என்று எழுதினேன்.

மாலையில் அளந்தபோது இணைப்பு மயிரிழைகூடச் சாயவில்லை.

படிவத்தில், தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டி எந்தச் சூட்டில் உருகும் என்று அதில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் குறிக்க வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் கை நீட்டினேன். பையில் இருந்ததை அப்படியே அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

இரண்டு துண்டுகள். ஒன்றில் எண் அச்சிட்டிருந்தது.

மற்றது, பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதும் வெறும் சாக்குக்கட்டி. எந்தச் சூட்டுக்கும் உருகாது.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் விரலில் ஒட்டிய வெள்ளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

‘தயாராகும்வரை காத்திருந்தோம்’ என்று கட்டத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். கடவுள் படித்தாலும் அதில் பொய் இல்லை.