கம்பி நிழல்

தண்ணீர்மலைக் காட்டோரத்தில் சாந்தினி படம் எடுத்த முராய் என்ற பாட்டுப் பறவை, மறுவாரம் பக்கத்து வீட்டுக் கோகுலனின் கூண்டில் கிடந்தது. அவன் வாசலில் போய் நின்றாள்.

“யாரக் கேட்டுப் புடிச்சீங்கண்ணே?”

“நீதானே பேஸ்புக்குல எடத்தோட போட்டலா.”

அவன் கண்ணெதிரிலேயே கூண்டைத் திறந்து பறவையைப் பறக்க விட்டாள்.

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை, அது காட்டோரத்தில் அவள் முதலில் படம் எடுத்த அதே கிளையில் உட்கார்ந்திருந்தது. கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாள். அதன் மார்பில் வரிவரியாகக் கம்பிகளின் நிழல். சுற்றிலும் கம்பியே இல்லை. கைதட்டி விரட்டினாள். கூண்டகலத்துக்கு மேல் அது நகரவில்லை.

நேரே கோகுலனிடம் சண்டைக்குப் போனாள். அவன் வெயிலில் நின்று காலிக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“இப்ப என்னலா?”

சிமெண்டுத் தரையில் அவன் நிழல் நீளமாக விழுந்திருந்தது. கையில் தூக்கிப் பிடித்திருந்த கூண்டுக்கு நிழல் இல்லை.