ஒரு டம்ளர் தண்ணீர்

அடையாறு நர்சிங் ஹோமின் மாடியில் உதவியாளர் பயிற்சி வகுப்பு. நோயாளியாக நடிக்க அஞ்சலையைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார் சிஸ்டர் ரெஜினா.

“இந்தம்மா மயங்கிக் கிடக்கிறாங்க. முதல்ல என்ன செய்வே, பவுனு?”

பவுனம்மாள் ஓடிப்போய் டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தாள். அஞ்சலையின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, வாயில் சாய்க்கப் போனாள்.

சிஸ்டர் டம்ளரைப் பிடுங்கினார். “ஆளைக் கொன்னுட்டியே! மயக்கத்துல முழுங்க முடியாது. தண்ணி நேரா நுரையீரலுக்குப் போயிடும்.”

வகுப்பே சிரித்தது. “யக்கா, என் கம்மல எம் பொண்ணாண்ட குட்த்துடு” என்றாள் அஞ்சலை, கண்ணைத் திறக்காமல்.

பவுனு சிரிக்கவில்லை. “அப்ப இன்னா செஞ்சிருக்கணும், சிஸ்டர்?”

“ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். பொழைக்க வழியிருக்கு.”

மூன்று வருடமாகச் சைதாப்பேட்டையில் பவுனுவின் மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது ஒன்றுதான்: “எம் புள்ள மயங்கி வுயுந்தான். பொண்டாட்டி மடியில, அவ கையால தண்ணி குட்ச்சிட்டுத்தான் போனான்.” அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவளும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

பவுனு அஞ்சலையை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

“இப்ப சரி” என்றார் சிஸ்டர்.