ஸ்ட்ரவுட் குடும்பத்து மானம்

நாடகாசிரியை கொரின் ஸ்ட்ரவுட், அவளுடைய அப்பா வெர்லின், சித்தப்பா டுவைட், டுலூத் நகரத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் அரங்கில் இருந்தார்கள். அவளுடைய நாடகத்தின் முதல் நாள் காட்சி முடிந்து, பார்வையாளர்கள் கேள்வி கேட்கும் நேரம்.

மானஸ்தரான வெர்லின் எழுந்தார்.

“பெத்த அப்பன் மானத்தை மேடையேத்தித்தான் பேர் வாங்கணுமா?”

“அப்பா, இது கற்பனைக் கதைப்பா. உட்காருங்க.”

“கற்பனையா? டுவைட் படகை நான் வித்தது உனக்கு எப்படித் தெரியும்?”

டுவைட் திரும்பினார்.

“புயல்ல போச்சுன்னு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதியேண்ணே!”

அப்பாவின் படகு விவகாரத்தைக் கொரின் நாடகமாக்கிவிட்டாள் என்று ஊரில் பேசுகிறார்கள். அது தவறு. அந்த நாடகம், தோழியின் பூனையைத் திருடி விற்ற ஒரு கிழவியைப் பற்றியது. அதில் படகே கிடையாது.