நீலப் பை

குழந்தை பிறந்த மறுநாள் காலை, டாக்டர் வார்டுக்கு வரும் நேரம். பிறந்ததும் மூச்சு விடத் திணறிய அமலியின் மகளை, மூளை மேலும் கெடாமலிருக்க மூன்று நாள் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். குழந்தையின் இரு பக்கமும் நீல நிறக் குளிர்ப் பைகள் இருந்தன. காரணம் அமலிக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனாலும் குழந்தை இருந்த அறைக்குள் விட்டபோது அந்தச் சின்னப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. யாரும் கவனிக்காதபோது ஒரு பையை உருவி நைட்டிக்குள் மார்போடு வைத்துக்கொண்டாள்.

இப்போது மானிட்டரில் குழந்தையின் சூடு ஏறியிருந்தது. நர்ஸ் ஸ்டெல்லா, தரை துடைத்துக்கொண்டிருந்த முத்துக்கனி மீது பாய்ந்தாள்.

“சுத்தம் பண்றேன்னு பைய எங்க கொண்டு போட்ட? புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?”

“சத்தியமா நான் தொடல சிஸ்டர்.”

அமலி தலை குனிந்து நின்றாள். பை அவள் உடம்புச் சூட்டில் மெல்ல இளகி வியர்த்தது. நைட்டியின் முன்புறம் ஈரம் படர்ந்தது.

ஸ்டெல்லா அதைப் பார்த்தாள். அவள் குரல் தணிந்தது.

“பால் ஊறிடுச்சாம்மா?”