இருநூற்றுப் பதினான்கு படங்கள்

பொருத்தமான கிராபிக்ஸ் கார்டு இல்லை என்றது திரை.

கீழே இரண்டு வழிகள். கார்டு உள்ள வேறு கணினிக்கு அனுப்பலாம். இல்லையென்றால் இதிலேயே, இருக்கிற பிராசஸரை வைத்து, குறைந்த தரத்தில், மெதுவாகச் செய்யலாம்.

அவன் இரண்டாவதைத் தொட்டான்.

அம்மா இருந்த வீட்டை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

படங்கள் இருநூற்றுப் பதினான்கு. போன வருஷம், பாலிடெக்னிக் சர்வே பாடத்துக்காக செல்போனில் எடுத்தவை. ஒரு கட்டடத்தைச் சுற்றி வந்து எடுத்துப் போட்டால், மென்பொருள் அவற்றைக் கோத்து முப்பரிமாணத்தில் எழுப்பிவிடும். கூடலூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் சரிவில் தனியாக நின்ற தங்கள் வீட்டை அவன் எடுத்திருந்தான்.

இந்த ஆடி மழையில் மலை சரிந்தது.

அம்மாவைப் பதினோராம் நாள்தான் மண்ணிலிருந்து எடுத்தார்கள். துணியை விலக்க விடவில்லை. "பாக்க வேணாம்பா" என்றார்கள்.

படங்களை ஒவ்வொன்றாகத் திறக்க அவனுக்குத் தைரியமில்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து உள்ளே போட்டான்.

கணினி மூன்று நாள் இரைந்தது. அதன் சூடு வாடகை அறை முழுக்க நிறைந்திருந்தது. யாரோ பக்கத்தில் படுத்து மூச்சு விடுவதுபோல.

மூன்றாம் நாள் மத்தியானம் வீடு வந்தது.

தகரக் கூரை நனைந்த துணிபோல் தொய்ந்திருந்தது. ஜன்னல்கள் உருகி வழிந்தன.

வாசலில் பச்சையாய் ஒரு குவியல்.

மவுஸை உருட்டி அருகில் போனான். குவியலுக்கு மடக்கிய முழங்கால் இருந்தது. தோள் இருந்தது. தோளில் அம்மாவின் பச்சை ஸ்வெட்டர்.

தோளுக்கு மேலே ஒன்றுமில்லை.

கிட்டே போகப் போக அந்த இடம் சிதறி, பின்னால் சுவர் தெரிந்தது.

அன்றே நவ்ஷாத்துக்கு அனுப்பினான். பெங்களூரில் அனிமேஷன் வேலை பார்க்கும், இணையத்தில் மட்டும் பழக்கமானவன். அவனிடம் பெரிய கார்டு இருந்தது. நடந்தது எதையும் சொல்லவில்லை. தெளிவாக வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

நாற்பது நிமிடத்தில் திரும்ப வந்தது.

வீடு நின்றது. தகரத்தின் துரு, கதவில் சாக்பீஸால் எழுதிய எண், எல்லாம்.

வாசல் காலியாக இருந்தது.

உடனே போன் செய்தான்.

"ஆமா ப்ரோ, முன்னாடி ஒரு ஆள் அரைகுறையா இருந்துச்சு. என் கார்டுலயும் தலை வரல. அது கார்டு பிரச்சினை இல்ல. படத்துக்குப் படம் அசைஞ்சா வராது. அதான் எடுத்துட்டேன். திரும்ப வைக்கணுமா?"

அவன் போனை வைத்துவிட்டான்.

படம் எடுத்த அன்று ஞாயிற்றுக்கிழமை. அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்துகொள்ளப் போனவளை அவன்தான் ஆடாமல் அப்படியே இருக்கச் சொன்னான்.

படங்கள் இருந்த போல்டரைத் திறந்தான். ஒன்றாம் எண்ணைத் தொட்டான்.

நேர் எதிரே நின்று எடுத்தது. அம்மா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடப்பக்கம் நகர்ந்து எடுத்ததிலும் அவனையே பார்த்தாள். உடம்பு அப்படியே இருந்தது. முகம் மட்டும் திரும்பியிருந்தது.

பத்து. இருபது. அவன் போன பக்கமெல்லாம்.

முப்பத்தெட்டில், முடிந்த மட்டும் கழுத்தைத் திருப்பியிருந்தாள்.

அதன் பிறகு பக்கச் சுவர். பின்சுவர். வழுக்கும் மண், பாசி, விறகு. தொண்ணூறு படங்களில் அவள் இல்லை. அவன் ஒன்றைக்கூட விடாமல் பார்த்தான்.

நூற்று இருபத்தொன்பதில், வீட்டைச் சுற்றிக்கொண்டு மறுபக்க மூலையில் வெளிப்பட்டிருந்தான்.

அம்மா அதற்கு முன்பே அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள்.