அந்த வாடையே ஆகாது

"குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டார் மயக்க மருந்து டாக்டர்.

கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் சிரித்தே விட்டார்.

"எனக்கா? எனக்கு அந்த வாடையே ஆகாது டாக்டரம்மா. தொழிற்சாலையில பாதுகாப்பு அதிகாரியா இருந்தவன் நான். எவன் மேலயாவது வாடை அடிச்சா கேட்டோட திருப்பி அனுப்பிடுவேன். இந்தக் கேள்வியை அதோ நிக்கறாரே, எங்க மாப்பிள்ளை, அவரைக் கேளுங்க. அவர்தான் இதுல கரை கண்டவர்!"

மாப்பிள்ளை மாமனாரின் நெற்றியைத் துடைத்த துண்டை மடித்துக்கொண்டிருந்தார். நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அந்தத் துண்டு அவர் கையில்தான் இருக்கிறது. ஏசி அறையில் மனுஷனுக்கு இத்தனை வேர்வை எங்கிருந்துதான் வருகிறதோ!

பக்கத்தில் நின்ற மகளுக்கு மானம் போயிற்று. நாளைக் காலை அப்பாவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். அந்தக் கவலைக்கு நடுவில் புருஷன் பெருமை வேறு சந்தி சிரிக்க வேண்டுமா?

"நான் போலீஸ் இல்ல சார், பயப்படாம சொல்லுங்க" என்றார் டாக்டர். "தினமும் குடிக்கிற உடம்பு மயக்க மருந்துக்குச் சுலபமா மசியாது. அதைக்கூட நான் பாத்துப்பேன். ஆனா குடி திடீர்னு நின்னா, ரெண்டு மூணு நாள்ல உடம்பு கலகம் பண்ணும். நடுக்கம் வரும், வலிப்பு வரும். பெத்த பிள்ளையை அடையாளம் தெரியாம, தையலைப் பிச்சுக்கிட்டு எழுந்து ஓடினவங்க உண்டு. உயிர் போனதும் உண்டு. முன்னாடியே தெரிஞ்சா மருந்து கொடுத்துச் சமாளிச்சிடலாம்."

"அதான் சொல்லிட்டேனே" என்றார் பெரியவர். இப்போது சிரிப்பு இல்லை.

"சரி, ரெண்டு கையையும் நீட்டுங்க."

நீட்டினார். விரல்கள் நடுங்கின.

"ஆபரேஷன்னா யாருக்குத்தான் பயம் இருக்காது?" என்று மகள் முந்திக்கொண்டாள். "எங்கப்பா சொக்கத் தங்கம் டாக்டர். எனக்கு வாய்ச்சவர்தான் இப்படி. வண்டிப் பெட்டியில பாட்டில், செருப்பு அலமாரிக்குப் பின்னாடி பாட்டில், தண்ணித் தொட்டி மூடிக்கு அடியில பாட்டில்! ஒவ்வொரு தடவையும் மன்னிச்சுக்கோம்பார். மறுபடியும் ஒண்ணு கிடைக்கும். அப்பாவும் எவ்வளவோ புத்தி சொல்லிப் பாத்துட்டார்."

"விடும்மா, விடு" என்றார் பெரியவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனார். மாப்பிள்ளை துண்டைக் கட்டிலில் வைத்துவிட்டு அவர் பின்னாலேயே நடந்தார்.

"பாத்தீங்களாப்பா? பேச்சு தன் பக்கம் திரும்பினதும் எப்படி நழுவறார்னு!" என்ற மகளின் குரல் வெளி வரை கேட்டது.

நடைபாதைத் திருப்பத்தில் டாக்டரைப் பிடித்தார் மாப்பிள்ளை.

"டாக்டர், மாமா குடிப்பார். தினமும்."

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. "நினைச்சேன். பொய் சொல்ல வாய்க்குத்தான் தெரியும், விரலுக்குத் தெரியாது. எவ்வளவு குடிப்பார்?"

"சாயங்காலம் வாக்கிங் போறப்ப ஒரு கால் பாட்டில். எல்லாரும் படுத்தப்புறம் இன்னொண்ணு. அத்தை தவறி, எங்ககூட வந்து இருக்கறதிலேருந்து இப்படித்தான்."

"இத்தனை நாள் மறைச்சீங்களே! அவர் மானத்தைக் காப்பாத்தி உடம்பைக் கோட்டை விட்டீங்க."

"தப்புதான் டாக்டர். இன்னிக்கு நீங்க உயிர்னு சொன்னதும் ஓடி வந்துட்டேன்."

"நல்ல வேளை, வாயைத் திறந்தீங்க. நாளைக்கு ஆபரேஷன் கிடையாது. இப்பவே மருந்தை ஆரம்பிச்சு, உடம்பை நிதானத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் பண்ணலாம். மனுஷன் பிழைச்சுப்பார், அதுக்கு நான் ஆச்சு. ஆனா உங்க மனைவிக்குத் தெரிஞ்சே ஆகணும்."

"அவளுக்கு அப்பான்னா உசிரு டாக்டர்."

"அந்த உசிரைக் காப்பாத்தத்தான் சொல்றேன். நான் போட்டுக் கொடுக்க மாட்டேன். அவர் வாயாலேயே சொல்ல வைக்கறேன்."

மாப்பிள்ளை தலையாட்டினார். ஏதோ பாரம் இறங்கினது போல இருந்தது.

"அப்புறம், உங்க ரத்தத்தையும் ஒரு தடவை பாத்துடலாம்" என்றார் டாக்டர். "கல்லீரல் கெட்டுப்போறப்ப வலிக்காது. தெரியறப்ப காரியம் மிஞ்சிடும். மாமனாருக்குத் துணையா நீங்களும் ஊத்திக்கிட்டிருந்தா, இன்னியோட நிறுத்துங்க. வீடெல்லாம் பாட்டில்னு உங்க மனைவி அழாத குறையாச் சொல்றாங்க!"

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் மாமாவோட பாட்டில். முதல் பாட்டில் அவ கையில மாட்டினப்ப, மாமா அவளுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தார். அவர் மூஞ்சி போன போக்கைப் பாத்ததும், 'என்னோடது'ன்னு எனக்கு வாயில வந்துடுச்சு."

"அப்ப நீங்க குடிக்கறதில்லையா?"

"எனக்கு அந்த வாடையே ஆகாது டாக்டர்."