கோல்பியின் பூட்டு

மேற்கு டெக்சாஸ் மேட்டில் எல்லாக் காற்றாலைகளும் சுற்றிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் நின்றிருந்தது.

காற்று ஏறினாலும் இறங்கினாலும் கரண்டைச் சீராக்கி அனுப்புகிற அதன் கன்வெர்ட்டர் பெட்டியை ஹார்லன் பழுது பார்த்து முடித்துவிட்டான். ஆனால் அதன் சுவிட்சில் கூட்டாளி கோல்பி போன வாரம் மாட்டிய சிவப்புப் பூட்டு தொங்கியது.

ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கிரெக் போனில் கத்தினான். "நல்ல காத்து வீணாப் போகுதுய்யா! பூட்டை வெட்டி எறி."

"போட்டவன்தான் எடுக்கணும். அதுதானே நம்ம வழக்கம்?"

"அப்ப அந்தக் கோல்பி துரையக் கூப்பிடு. எங்க, குடிச்சுட்டுப் படுத்துட்டானா?"

"படுத்துதான் இருக்கான்."

"எழுப்புய்யா!"

"எல்லாரும் எழுப்பிப் பாத்தாச்சு, கிரெக்."

வாசலில் வண்டி வந்து நின்றது. கோல்பியின் மனைவி டெஸ்ஸா இறங்கினாள். கறுப்பு உடுப்பின் ஓரத்தில் கல்லறை மண் ஒட்டியிருந்தது. கையில் ஒரு சாவி.

"ஆஸ்பத்திரியில குடுத்த பையில இருந்துச்சு, ஹார்லன். கார் மோதினப்போ சட்டைப் பையில வச்சிருந்தாராம்."

சாவியைப் பூட்டில் நுழைத்தவள் திரும்பிக் கேட்டாள். "இதை எதுக்கு மாட்டுறீங்க?"

"'நான் உள்ள வேலையா இருக்கேன், மெஷினை ஓட்டிடாதீங்க'ன்னு அர்த்தம்மா."

டெஸ்ஸா சாவியை வெடுக்கென்று உருவி, உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

"என்னய்யா, கோல்பி வந்தானா இல்லையா?" என்று போன் அலறியது.

ஹார்லன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"உள்ளதான் வேலையா இருக்கான், கிரெக். இன்னிக்கு ஓட்டாதே."